வெள்ளை மிதவை

நாடியில உரசுது இந்தச் சட்டைப் பட்டி. உரசட்டும், கழத்தப் போறதில்ல. வலை விட்ட நேரத்துல இருந்து பெர்க்மான்ஸ் கேட்டுக்கிட்டே இருக்கான், மயினி வேர்க்கலயா, மயினி மூச்சு முட்டலயா, மயினி கலியாண ஊர்வலத்துக்குப் போறீயளான்னு. என் கொழுந்தன். எம் புருசனுக்குத் தம்பி. வாய் மட்டும் இல்லன்னா இவன நாய் தூக்கிட்டுப் போயிரும். அவன் பின்னால பின்னணியத்துல எஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கான், நான் முன்னால அணியத்துல, நடுவுல வலைய இறக்கின எங்க எஞ்சின் போட்டு வெறும் வயிறாக் கெடக்கு. இழுக்குற நேரம் வாற வரைக்கும் ஒரு சோலியும் கெடையாது. ஆட வேண்டியது, அலையப் பாக்க வேண்டியது, மனசு போற பக்கம் போக வேண்டியது. மனசு வேற எங்க போகும், அந்தச் சட்டைக்குத்தான் போகுது. எங்க ஊர்ல லைஃப் ஜாக்கெட்ட யாரும் லைஃப் ஜாக்கெட்டுன்னு சொல்றதில்ல, ஆரஞ்சுச் சட்டைம்போம். போட்டுல ரெண்டு இருக்கு. ஒண்ணு எம்மேல. இன்னொண்ணு பெர்க்மான்ஸுக்கு அடியில. அது மேல உக்காந்திருக்கார் துரை, மெத்தையாம். அவன் உக்காந்த இடத்துல அது அமுங்கித் தட்டையாக் கெடக்கு. என்னோடது பலகை மாதிரி வெறச்சு நிக்கி, குனிஞ்சா நெஞ்சுல குத்துது. அவனோடது மட்டும் எப்படி அந்த அமுக்கு அமுங்குது. அவன் என்ன அவ்வளவு கனமா, ஊதினா பறக்குற பய. சரி, பழசா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனதாச்சேன்னும் நெனச்சேன். பிறகு ஒரு அலை தூக்கிப் போட்டுச்சு, நெனப்பு அங்கனயே நின்னுட்டு.

தண்ணி கேன், அதுக்கு மேல இன்னொரு தண்ணி கேன். டார்ச்சு. பாலிதீன் பையில சுத்தின போன். எஞ்சினுக்கு மாத்துப் பிளக்கு, ஸ்பேனர், துடுப்பு, நங்கூரம், மாத்துக் கயிறு, வலை ஊசி, நூல் கண்டு, கழுத்துல விசில். ஏறும்போது ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லித்தான் ஏறுனேன். கரையில நின்ன கித்தேரியக்கா, ஏட்டி ஜெனோவா, கடலுக்குப் போறியா இல்ல மறுவீட்டுக்குச் சீர் கொண்டு போறியான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. மறுவீடு போறவ திரும்பி வாரால்லாக்கா, அப்பிடித்தான் நானும்னு சொல்லிட்டுக் காலத் தூக்கி வச்சேன். சிரிக்கட்டும். எங்க ஊர் ஆம்பளைங்களுக்கு ஒரு நெனப்பு இருக்கு, மாத்துச் சாமான் எடுத்துட்டுப் போனா கெடுதலக் கைதட்டிக் கூப்பிட்ட மாதிரின்னு. சட்டை போட்டா மாதாவ நம்பலன்னு அர்த்தமாம். பெர்க்மான்ஸும் அதத்தான் சொல்லுதான், அங்க பாருங்க மயினி, எஞ்சின் பெட்டியில மாதா படம் ஒட்டியிருக்குல்லா, பிறகு எதுக்கு இதுன்னு. மாதா தூக்கி விடுவாலே, நான் இல்லன்னு சொல்லல, ஆனா பிடிச்சுத் தூக்க அவளுக்கு ஒரு பட்டி வேணுமா வேண்டாமா. பொம்பள ஏறுன போட்டுல மீன் ஏறாதுன்னு சொன்னாங்க, ஏறுச்சு. பொம்பளைக்குக் கடல்ல குடல் பெரட்டும்னு சொன்னாங்க, பெரட்டுச்சு, வாய கொப்புளிச்சுட்டு வலைய இழுத்தேன். கடைசியா ஊர்க் கமிட்டியில வச்சுச் சொன்னாங்க, எம் புருசன் பேரச் சொல்லி, தெலஸ்போருக்கு ஒரு கை விளங்காமப் போச்சு, போட்டுக்கு ரெண்டு ஆளு வேணும், புரியுது, இந்த ஒரு சீசன் மட்டும் பொண்டாட்டி போகட்டும், ஒரு அசம்பாவிதமும் இல்லாம முடிஞ்சா தையில பேசிக்கிடுவோம், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதோட முடிஞ்சுதுன்னு. ஏதாவது ஒண்ணுன்னா என்ன. இவன் காலு வழுக்கி விழுந்தாக்கூட நான் ஏறுனதாலதான் விழுந்தாம்பாங்க. நான் விழுந்தா திமிருக்குக் கெடச்சதும்பாங்க. ஆம்பளைங்க காலங்காலமா விழுந்துக்கிட்டுத்தான் இருக்காங்க, அதுக்கு மட்டும் காத்து மேல பழி, நீரோட்டத்து மேல பழி. இன்னைக்குத்தான் கடைசி ஓட்டம். ஐப்பசி முடியப் போகுது, வாடை பொறந்தாச்சு, ஒரு மழை பிடிச்சா போட்டக் கரையேத்திக் கவுத்திர வேண்டியதுதான், பிறகு தையிலதான் கடல். இன்னைக்கு ரெண்டு பேரும் போன மாதிரியே திரும்பிப் போய் மணல்ல கால் வைக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

பயமா இருக்கான்னா, இருக்கு. யாரு இல்லன்னா. ராத்திரி எங்க வீட்டுக்காரர் புரண்டு படுக்கையில அந்தக் கை அவர் கூடப் புரளாது, பின்னாலயே கெடக்கும், இன்னொரு கையால எடுத்து வைப்பார். எடுத்து வைக்கிற சத்தம் கேட்டு நான் முழிச்சுக்கிடுவேன், ஆனா தூங்குற மாதிரியே கெடப்பேன். போன வருசமும் இதே ஐப்பசிதான். ஆத்துவாயில, மணல்திட்டு மேல அலை உடையிற அந்த இடத்துலதான் போட்டு கவுந்துச்சு. கவுந்த போட்டோட கயித்துல கை சுத்திக்கிட்டு, அலை ஒரு பக்கம் இழுக்க போட்டு ஒரு பக்கம் இழுக்க, தோள்பட்டை நரம்பெல்லாம் பிய்ஞ்சு போச்சு. கைய உருவிட்டு விட்டிருந்தா முங்கியிருப்பேன் ஜெனோவா, அதான் விடலன்னார். சட்டை போட்டிருந்தா கயித்த விட்டிருக்கலாம். சட்டை இருந்துச்சா, இருந்துச்சு, எங்க இருந்துச்சு, அதக் கேட்டா வயிறு எரியும். அன்னைக்கு போட்டுச் சோதனை. ஒவ்வொரு போட்டுலயும் சட்டை இருக்கான்னு பாக்க ஆபீசர் வந்திருந்தார். எங்க கரையில அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு, ஊருக்கே பொதுவா நாலஞ்சு சட்டைதான் சுத்தும். ஒரு போட்டப் பாத்துட்டு ஆபீசர் குனிஞ்சு எழுதுற நேரத்துல, பின்னாலயே சட்டையத் தூக்கிக்கிட்டு அடுத்த போட்டுக்கு ஓடிருவாங்க. ஆபீசர் போய்ச் சேரும்போது அங்கயும் அதே சட்டை தொங்கும். பாவம் இல்லாதவன், இரவல் குடுத்தா என்னன்னு எங்க சட்டையையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. எம் புருசன் ஆத்துவாயில கயித்தப் பிடிச்சுத் தொங்குன நேரம், அவர் சட்டை வேற எவன் போட்டுலயோ போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் மடிச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க, ஒரு சொட்டுத் தண்ணி படல. அன்னைக்கு எடுத்த முடிவுதான் இது. ஏறுறதா இருந்தா போட்டுட்டுத்தான் ஏறுவேன், இரவலும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இன்னைக்குக் கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர் கரைக்கு வந்தார். அத்தன பேரு பாக்க, ஒத்தக் கையாலயும் பல்லாலயும் எம் முன்பட்டிய இழுத்துக் கட்டி விட்டார். நாடியில உரசுறது அவர் இழுத்துக் கட்டுன இறுக்கந்தான். அதனாலயும்தான் கழத்த மாட்டேன்.

காத்து மாறிட்டு. காதுக்குப் பின்னால இருந்த குளுமை இப்ப கன்னத்துல அடிக்கி. வடக்க மேகம் அடுப்புக்கரி கரைச்ச மாதிரி இறங்கியிருக்கு. தூரத்துல நின்ன போட்டுகள்ல ரெண்டு கரையப் பாத்துத் திரும்பிட்டு, மூணாவதும் வலைய அள்ளுது. ஏலே பெர்க்கு, இழுப்பமா. இன்னுங் கொஞ்சம் கெடக்கட்டும் மயினி, கடைசி வலை, சாளை மீனு இப்பத்தான் மேல வருது. சாளை வாறது இருக்கட்டும், வாடை வருதே அதப் பாரு. நீங்க பயந்தா நான் என்ன செய்யன்னு சிரிக்கான். பயந்தாத்தாம்லே கண்ணு தெறந்திருக்கும்னு சொல்லிட்டு நான் வலையோட மேல்கயித்தப் பிடிச்சுட்டேன். அவனும் மொணமொணத்துக்கிட்டே வந்து பிடிச்சான். இழுக்க இழுக்க வலை வருது, மீனும் வருது, பரவால்ல, மோசம் இல்ல. கை அது பாட்டுக்கு இழுக்கு. மிதவை ஒண்ணொண்ணா உள்ளங்கையில ஏறி இறங்குது, பழைய மிதவை, பாசி பிடிச்சது, கறுத்தது, ஓரம் தேஞ்சது, எல்லாம் நான் கோத்தது, எனக்குத் தெரியும். பிறகு ஒரு வெள்ளை மிதவை வருது. வெள்ளை வெளேர்னு, வட்டமா இல்லாம சதுரமா, கத்தியால நறுக்குன மாதிரி. விடியக்காலம் வலை விடும்போதும் கையில பட்டுச்சு, இருட்டுல என்னன்னு தெரியல, புதுசா வாங்கியிருப்பான்னு விட்டுட்டேன். இந்தப் பய எப்ப மிதவை வாங்குனான். போன வாரம் வலை நடுவுல முங்குது முங்குதுன்னு பொலம்பிக்கிட்டுத் திரிஞ்சான், பிறகு பொலம்பல் நின்னுட்டு. இன்னொண்ணு வருது. மறுபடியும் ஒண்ணு. பஞ்சு மாதிரி லேசு, ஆனா அமுக்குனா அமுங்காது. அமுக்கிப் பாத்தேன். எம் நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்கிதே, அதே வெறப்பு. கையி தானா எஞ்சட்டையத் தொட்டுச்சு, பிறகு மிதவையத் தொட்டுச்சு, பிறகு கண்ணு பின்னணியத்துல தட்டையாக் கெடக்குற அந்தச் சட்டைக்குப் போச்சு. அடப்பாவி. வலையோட கடைசி முழத்தையும் உள்ள ஏத்திப் போட்டுட்டுப் போய் அதத் தூக்குனேன், தூக்கும்போதே தெரிஞ்சு போச்சு. உள்பக்கம் தையலப் பிரிச்சு, குத்துக்குத்தாத் திரும்பத் தச்சிருக்கு. விரல விட்டு இழுத்தா பழைய வலைத்துண்டு வருது, கந்தலும் சிக்கலுமா, ஈரத்தோட. தண்ணி குடிச்சா ஆள அடியில கொண்டு போய்ச் சேக்குற சாமான் அது. எங்க ஊர் ஆளு தவிர வேற எவனுக்கும் இந்தப் புத்தி வராது. மிதக்கிற பொருளு எதக் கண்டாலும் எங்க ஆளுக்கு வலைதான் ஞாபகம் வரும், மனுசன் மிதக்கணுங்கிறது ஞாபகமே வராது.

பெர்க்மான்ஸ் என்னப் பாக்கல, வலையப் பாக்கான். சும்மா கெடந்த சாமான்தானே மயினி, வலை முங்குச்சு, இது நல்லா தூக்குது, பாத்தியள்லான்னு சொல்லுதான். உங்க அண்ணன் கை தெரியுமாலே உனக்குன்னு கேட்டேன். தெரியும். தெரிஞ்சுமா. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு, அழுதா பொம்பளைன்னு ஆகிரும்னு ஆத்திரத்த மட்டும் வச்சுக்கிட்டேன். நீ முங்கிப் போனா உனக்குக் காரியம் முடிஞ்சுதுலே, எனக்கு? உங்க அம்மைட்ட யாரு போய்ச் சொல்ல, உங்க அண்ணன் மொகத்த யாரு பாக்க, இந்த போட்டுல பிறகு என்னய எவன் ஏற விடுவான். கத்திய எடு, வெள்ளை மிதவை அம்புட்டையும் அறு, சட்டைக்குள்ளயே திரும்ப அடைச்சுத் தாரேன், நீ போட்டுக்கிடணும். வலை கெட்டுப் போகும் மயினி. கெடட்டும், தையில நான் கோத்துத் தாரேன். கரைக்குப் போய்ச் செய்வோம் மயினி, மேகத்தப் பாருங்க. மேகத்தப் பாத்துத்தான் சொல்லுதேன். அவன் எஞ்சினப் பாத்து எந்திரிச்சான். எங்க எஞ்சின் பழசு, கயிறு சுத்தி இழுத்தாத்தான் கிளம்பும். அந்தக் கயிறு பலகையில கெடந்துச்சு. அவன் கை போறதுக்குள்ள நான் எடுத்து எஞ்சட்டைக்குள்ள செருவிட்டேன். அவன் நின்னான். நானும் நின்னேன். போட்டு பக்கவாட்டுல ஆடுது, வாடை முடியப் பிச்சு மொகத்துல அடிக்கி, நான் பலகையோட ஒட்டிக்கிட்டேன். நான் போட மாட்டேன் மயினி, கரையில அத்தன பேரும் நிப்பாங்க, பொம்பள சொல்லிப் போட்டான்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்கன்னான். ஆயுசு இருந்தாத்தாம்லே ஆயுசுக்கும் சொல்லுவாங்கன்னேன். அதுக்கு அவனுக்குச் சிரிப்பு வரப் பாத்துச்சு, அடக்கிக்கிட்டான். பிறகு கத்திய எடுத்தான். அவன் அறுத்து அறுத்துத் தர, நான் கந்தல உருவிக் கடல்ல எறிஞ்சுட்டு மிதவைய உள்ள அடுக்குனேன். வலை ஊசியாலயே வாயத் தச்சேன், வலைக்குப் போடுற முடிச்சுத்தான், எனக்கு வேற முடிச்சுத் தெரியாது. முதுகுப் பட்டி பாதி பிரிஞ்சிருந்துச்சு, அதையும் ரெண்டு சுத்து சுத்தித் தச்சேன். ஊசி பெருவிரல்ல ஏறுச்சு. மழைத்துளி ஒண்ணு கையில விழுந்துச்சு. போடுலேன்னு நீட்டுனேன். முன்பக்கம் கட்டவும் அவனுக்குத் தெரியல, அவன் வாழ்க்கையில போட்டதே இல்ல. நானே கட்டி, முன்னாலயும் ஒரு தையல் போட்டுட்டேன், கழத்துற எண்ணம் வேண்டாம்னு. அங்கங்க முண்டு முண்டாத் துருத்திக்கிட்டு, மூட்டையில கிழங்கு கட்டுன மாதிரி நின்னான். நான் சிரிக்கல. எஞ்சின் கயித்த எடுத்துக் குடுத்தேன்.

ஆத்துவாய் தெரியுது. தெரியுறதுக்கு முன்னால சத்தம் கேக்கு. மணல்திட்டுல அலை எந்திரிச்சு, நின்னு, உடையுது, உடைஞ்ச எடமெல்லாம் வெள்ளையாக் கொதிக்கி. கரையில ஆளு நிக்கி, வரிசையா, தலை தலையா. மயினி அணியத்துக்குப் போங்கங்கான். போக மாட்டேன், இங்கனதான் இருப்பேன், உம் பக்கத்துலதான் இருப்பேன். கனம் பின்னால ஆகும் மயினி. சரி நடுவுல இருக்கேன், அதுக்கு மேல கேக்காத. நடுவுல வலை மேல மண்டி போட்டு உக்காந்தேன், மீன் முட்டங்காலுக்கு அடியில துள்ளுது. இந்த எடத்துலதான் அவர் தொங்குனது. இங்கனயா, இல்ல அங்கனயா, தண்ணிக்கு ஏது அடையாளம். வாய்க்குள்ள உப்பு. அருள் நிறைந்த மரியேன்னு தொடங்குனேன், பாதியில நின்னுட்டு, திரும்பத் தொடங்குனேன், எங்க நின்னுச்சுன்னு தெரியல. பெர்க்மான்ஸ் எந்திரிச்சு நின்னு எஞ்சின் கைப்பிடியப் பிடிச்சிருக்கான். முதல் அலை அடியில போயிட்டு. ரெண்டாவதுல ஏறுனோம், இறங்குனோம். அதுக்குப் பின்னால வந்தத நான் பாக்கல, பாத்தது அவன் கண்ண. போட்டோட பின்பக்கம் அப்பிடியே மேல போச்சு, குறுக்க ஒரு திருப்பு திருப்புச்சு, தண்ணி எம்மேல இடிஞ்சு விழுந்துச்சு. கண்ணத் தொடச்சுப் பாக்கையில அவன் நின்ன எடத்துல அவன் இல்ல. ஓரத்துல காலு தெரியுது. ஒரு காலு உள்ள, மத்ததெல்லாம் வெளிய. கையி போயிட்டு, நான் அனுப்பல, அதுவாப் போயிட்டு. முதுகுப் பட்டி கையில மாட்டுச்சு. நான் தச்ச தையல். இழுத்தா பிரியும், பிரியப் போகுது, பிரியல. முண்டு முண்டா இருந்த சட்டை தண்ணியில அவன் நெஞ்ச மேல தள்ளிக்கிட்டே இருந்துச்சு, நான் பாதி இழுக்க அது பாதி தூக்க, வலைய ஏத்துற மாதிரியே ஏத்திட்டேன். அவன் இருமுனான். இருமிக்கிட்டே தவழ்ந்து போய்க் கைப்பிடியப் பிடிச்சு போட்ட நேர் பண்ணுனான்.

அணியம் மணல்ல முட்டுச்சு. ஆளுக ஓடி வந்து பிடிச்சாங்க. கரையில இருந்து பாத்தவங்களுக்கு அலை மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும், அலைக்குப் பின்னால நடந்தது தெரிஞ்சிருக்காது. கித்தேரியக்கா பெர்க்மான்ஸ மேலயும் கீழயும் பாத்துட்டு, ஏல பெர்க்கு, இதென்னலே வேசம், மயினி போட்டு விட்டாளான்னா. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, கமிட்டிக்காரர் ஒருத்தரும் நின்னார், அவரும் சிரிச்சார். பெர்க்மான்ஸ் மணல்ல இறங்கி, போட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ஆமாக்கா, மயினிதான் போட்டு விட்டாங்க, அதான் பேசிக்கிட்டு நிக்கேன்னான். சிரிப்பு அங்கங்க நின்னு போச்சு. எங்க வீட்டுக்காரர் கூட்டத்த விலக்கிட்டு வந்தார். தம்பி மொகத்தப் பாத்தார், நனைஞ்ச தலையப் பாத்தார், பிரியாம நிக்கிற முதுகுப் பட்டியத் தொட்டுப் பாத்தார், பிறகு என்னப் பாத்தார். நல்ல கையால பெர்க்மான்ஸோட முன்பக்க முடிச்ச அவுக்கப் பாத்தார், வலை முடிச்சு, ஈரத்துல இறுகிக் கெடக்கு, அவுறல. ஒருத்தர் கத்திய நீட்டுனார். அறுக்காதீயன்னு சொன்னேன், கமிட்டிக்காரருக்கும் கேக்குற மாதிரி. தலை வழியா உருவுங்க, தையில வேணும்.